இரத்தத்தால் எழுதிய விசுவாசப் பிரமாணம்

ஒக்டோபர் மாதம் முதலாம் திகதி குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகின்றது. கார்மேல் சபையின் கபில நிற உடையும் வெண்ணிற மேலங்கியும் அணிந்து, பாடுபட்ட சுரூபத்தையும் ரோசா மலர்களையும் மார்போடு அணைத்தபடி மெல்லிய புன்னகையுடன் நிற்கும் அவரது சுரூபத்தை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் நம் மத்தியில் அரிது. சிறுமலர் என்று அன்போடு அழைக்கின்றோம். பெண் குழந்தைகளுக்கு அவரது பெயரைச் சூட்டுகின்றோம். 1925ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் திகதி பாப்பரசர் 11ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். மடத்து மதில்களைத் தாண்டி ஒரு நாளேனும் மறைப்பணிக்குச் செல்லாத அவரை, 1927ஆம் ஆண்டு, புனித பிரான்சிஸ் சவேரியாருடன் சேர்த்து மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அதே பாப்பரசர் அறிவித்தார். 1997ஆம் ஆண்டு பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் அவருக்கு மறைவல்லுனர் என்ற பட்டத்தை அளித்தார்.

இத்தனை பெருமைகளும் அந்தப் புன்னகையும் சேர்ந்து, அவரைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை நம்மிடையே வளர்த்து விட்டன என்றே சொல்ல வேண்டும். சந்தேகம் என்பதையே அறியாதவர், வாழ்நாள் முழுவதும் மோட்சத்தின் வாசலிலேயே நின்றவர், செபிக்க முழந்தாளிட்டவுடன் இறைவனின் அணைப்பை உணர்ந்தவர் என்று நாம் கருதிக் கொள்கின்றோம். அவரது வாழ்வு அவ்வாறு இருக்கவில்லை. அவரது இறுதிப் பதினெட்டு மாதங்களும் விண்ணகம் என்று ஒன்று உண்டா என்ற கேள்வி அவரை இரவும் பகலும் வாட்டிய மாதங்கள். அந்தக் கேள்விக்கு ஆறுதலான விடை எதுவும் கிடைக்காத நிலையிலேயே அவர் நோயுற்றார், எழுதினார், சிரித்தார், செபித்தார், இறந்தார்.

பிரான்ஸ் நாட்டின் நோர்மண்டி மாநிலத்தில் உள்ள அலென்சோன் என்னும் ஊரில், 1873ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 2ஆம் திகதி தெரேசா பிறந்தார். தந்தை லூயி மார்ட்டின் மணிக்கூடு செய்து திருத்தும் தொழிலாளர். தாய் செலி, அந்த ஊரின் பெயர் பெற்ற பின்னல் சரிகையைத் தயாரித்து விற்று வந்தவர். ஒன்பது பிள்ளைகளுள் நால்வர் சிறு வயதிலேயே இறந்து போக, எஞ்சிய ஐந்து பெண்களுள் தெரேசாவே கடைசிக் குழந்தை. தாய்ப்பால் கொடுக்க இயலாத நிலையில், குழந்தையைப் பக்கத்துக் கிராமத்து விவசாயப் பெண் ஒருத்தி ஓராண்டுக்கு மேல் பாலூட்டி வளர்த்தாள். அந்த லூயியும் செலியும் 2015ஆம் ஆண்டு பாப்பரசர் பிரான்சிஸ் அவர்களால் ஒரே நாளில் புனிதர்களாக உயர்த்தப்பட்ட தம்பதியர் என்பதை வாசகர்கள் அறிந்திருப்பர்.

தெரேசாவுக்கு நான்கரை வயதாக இருக்கும்போது தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். குடும்பம் லிசியே என்னும் ஊருக்கு, தாய்மாமன் வீட்டுக்கு அருகில் குடிபெயர்ந்தது. இரண்டாவது அக்கா பவுலினைத் தன் அம்மாவாக வரித்துக் கொண்டாள் சிறுமி. ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1882ஆம் ஆண்டு ஒக்டோபரில், அந்த அம்மாவும் கார்மேல் மடத்தின் கதவுக்கு அப்பால் மறைந்து போனாள். அடுத்த ஆண்டு தெரேசா விளங்காத ஒரு நோயில் விழுந்து வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அவ்வாண்டு மே மாதம் பெந்தெகோஸ்து ஞாயிறன்று, கட்டிலின் அருகே இருந்த அன்னை மரியாளின் சுரூபம் தம்மைப் பார்த்துப் புன்னகைத்ததைக் கண்டு அவர் குணமடைந்தார். அந்தச் சுரூபத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளட்டும். இக்கதையின் முடிவில் அது மீண்டும் வரும்.

பதினான்கு வயதில் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1887ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் இரு பெண்களையும் ஒரு சிறுமியையும் கொலை செய்த குற்றத்துக்காகப் பிரான்சினி என்பவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவன் மனந்திரும்புவதற்கான அறிகுறி ஒன்றும் தென்படவில்லை. தெரேசா அவனுக்காக இடைவிடாது செபித்தார். அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் செய்தார். ஓகஸ்ட் 31ஆம் திகதி தண்டனை நிறைவேற்றப்பட்டது. கழுத்தை வைக்கும் முன்னர் அவன் குருவிடமிருந்த பாடுபட்ட சுரூபத்தை வாங்கி முத்தமிட்டான் என்ற செய்தியை மறுநாள் பத்திரிகையில் வாசித்தபோது சிறுமியின் கண்கள் கலங்கின. நாடே வெறுத்த ஒருவனைத் தன் முதல் பிள்ளை என்று அவர் உரிமை கொண்டாடினார். கடவுளுக்கு வெகு தொலைவில் நிற்போர் மீது அவருக்கு இருந்த இந்தப் பரிவு, பின்னாளில் அவர் எதிர்பாராத முறையில் சோதிக்கப்படவிருந்தது.

அவ்வாண்டு நவம்பரில் தந்தையுடன் உரோமாபுரிக்குத் திருயாத்திரை சென்ற அவர், பேசக் கூடாது என்ற கட்டளையையும் மீறிப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயரின் காலடியில் பணிந்து, பதினைந்து வயதிலேயே மடத்தில் சேர அனுமதி கேட்டார். கடவுள் சித்தமானால் நடக்கும் என்ற அளவிலேயே பதில் கிடைத்தது. காவலர்கள் அவரைத் தூக்கி அப்புறப்படுத்தினர். ஆயினும் 1888ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி லிசியே கார்மேல் மடத்தின் கதவு அவருக்குத் திறந்தது. அங்கே பவுலினும் மூத்த அக்கா மரியும் ஏற்கெனவே இருந்தனர்.

உள்ளே காத்திருந்தது வறட்சி. தியான வேளைகளில் அவருக்கு எந்த உணர்வும் எழவில்லை. பல நாட்கள் செபத்தின் நடுவே அவர் உறங்கியே போனார். இதைப் பெரிய குற்றமாக எண்ணி அவர் மனம் நொந்து கொள்ளவில்லை. பெற்றோருக்குத் தம் பிள்ளைகள் விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் ஒரே அளவில்தான் பிரியம் என்று தம்மைத் தேற்றிக் கொண்டார். 1890ஆம் ஆண்டு செப்டெம்பர் 8ஆம் திகதி நித்திய வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன் நடந்த பத்து நாள் தியானம் முழுவதும் பாலைவனமாகவே கழிந்தது. முதல் நாள் இரவோ, தமக்குத் துறவற அழைத்தலே இல்லை, எல்லோரையும் ஏமாற்றி விட்டோம் என்ற அச்சம் அவரைப் பற்றிக் கொண்டது. மடத் தலைவியிடம் ஓடிச் சென்று சொன்னார். தலைவி சிரித்து அனுப்பி விட்டார். சில வேளைகளில் இத்தகைய அச்சங்களுக்கு அதைவிடச் சிறந்த மருந்து இல்லை.

இதற்கிடையே வீட்டில் பேரிடி விழுந்திருந்தது. பாசமே உருவான தந்தை லூயியின் அறிவு தடுமாறத் தொடங்கிற்று. 1888ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அவர் ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய், நான்கு நாட்களின் பின்னர் துறைமுக நகரமாகிய லெ ஆவ்ரில் கண்டுபிடிக்கப்பட்டார். 1889ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி, மகளின் துறவற உடை பெறும் விழாவுக்கு அவளைக் கைபிடித்து அழைத்து வந்து சரியாக ஒரு மாதமும் சில நாட்களும் கடந்த நிலையில், கான் நகரில் இருந்த மனநோயாளர் இல்லத்தில் அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். மனநோய் என்றால் இன்றும் நம் குடும்பங்கள் அதை மூடி மறைக்கவே பார்க்கின்றன. அக்காலத்தில் அது இன்னும் பெரிய அவமானம். அருமை மகள்கள் ஒருவர் பின் ஒருவராக மடத்துக்குப் போனதுதான் தந்தையின் மூளையைக் கலக்கி விட்டது என்று ஊரார் பேசினர். அந்தப் பேச்சு மதிலைத் தாண்டி மடத்துக்குள்ளும் வந்து தெரேசாவின் காதில் விழுந்தது.

சிறு வயதில் தம் கையைப் பற்றிக் கொண்டு கோவிலுக்கு அழைத்துச் சென்ற தந்தையை, அத்தனை செபங்கள் செய்த மனிதரை, கடவுள் ஏன் இவ்வாறு விட்டு விட்டார் என்ற கேள்வி எழாதிருந்திருக்குமா? அதற்கு அவர் எந்த விளக்கமும் தேடவில்லை. பாடுகளின்போது முகம் மறைக்கப்பட்டு, எள்ளி நகையாடப்பட்ட இயேசுவின் திருமுகத்தைத் தியானிக்கத் தொடங்கினார். குழந்தை இயேசுவின் தெரேசா என்ற தம் துறவறப் பெயருடன் திருமுகத்தின் என்ற சொல்லையும் சேர்த்துக் கொண்டார். தந்தையின் மறைந்து போன முகத்தையும் ஆண்டவரின் முகத்தையும் அவர் ஒன்றாகவே பார்த்தார். லூயி 1894ஆம் ஆண்டு யூலை 29ஆம் திகதி இறந்தார். அதுவரை அவரைப் பராமரித்து வந்த செலின் அவ்வாண்டே மடத்தில் சேர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு பவுலின், ஆக்னெஸ் அன்னை என்ற பெயரில், மடத் தலைவியாகத் தெரிவு செய்யப்பட்டிருந்தார். சிறுவயது நினைவுகளை எழுதும்படி தெரேசாவுக்குக் கட்டளையிட்டவர் அவரே. இன்று உலகமெங்கும் வாசிக்கப்படும் அந்த வரலாறு, தங்கையின் பேச்சை விரும்பிய ஓர் அக்காவின் ஆசையால் பிறந்தது.

1896ஆம் ஆண்டுக்கு வருவோம். ஏப்ரல் 2ஆம் திகதி பெரிய வியாழன். நள்ளிரவு வரை நற்கருணைப் பேழையின் முன் விழித்திருந்து விட்டுத் தம் அறைக்குத் திரும்பிய தெரேசா, படுத்தவுடன் தொண்டையிலிருந்து ஏதோ பொங்கி வாய்வரை வருவதை உணர்ந்தார். விளக்கை ஏற்கெனவே அணைத்தாயிற்று. மீண்டும் ஏற்றிப் பார்க்கும் ஆவலை அடக்கிக் கொண்டு உறங்கினார். பெரிய வெள்ளி அதிகாலையில் சாளரத்தின் அருகே சென்று பார்த்தபோது கைக்குட்டை முழுவதும் இரத்தம். சயரோகம். அக்காலத்தில் அதற்கு மருந்து இல்லை. அவருக்கு வந்ததோ மகிழ்ச்சி. ஆண்டவர் தம்மை அழைக்க வருகின்றார் என்று அவர் உள்ளம் துள்ளியது. அன்றைய உபவாசத்தையும் வேலைகளையும் ஒன்று விடாமல் செய்ய மடத் தலைவியிடம் அனுமதி பெற்றார். இறந்த பின்னர் செல்லவிருக்கும் விண்ணகம் அவருக்கு அன்று அவ்வளவு தெளிவாக, அவ்வளவு அருகில் இருந்தது.

உயிர்ப்புப் பெருவிழா ஏப்ரல் 5ஆம் திகதி வந்தது. அதன் பின்னர் சில நாட்களுக்குள் எல்லாம் மறைந்து போயிற்று.

மகிழ்ச்சி போனது மட்டுமன்று. உணர்வற்ற செபம் அவருக்குப் பழகிப் போன ஒன்று. இப்போது வந்தது அதனினும் வேறானது. விசுவாசம் இல்லாத மனிதர்கள் உண்மையிலேயே இருக்க முடியும் என்று தெரேசா அதுவரை நம்பியதில்லை. கடவுள் இல்லை என்போர் தம் உள்ளத்துக்கு எதிராகவே பேசுகின்றனர் என்பது அவரது எண்ணம். இப்போதோ அத்தகைய மனிதர் உண்டு என்பதை அவர் தம் உள்ளத்தைக் கொண்டே அறிந்தார். அடர்ந்த மூடுபனிக்குள் பிறந்து, சூரியனைப் பற்றிப் பிறர் சொல்லக் கேட்டு மட்டுமே வளர்ந்த ஒருவரின் நிலைக்குத் தம்மை ஒப்பிட்டார். தமக்கும் விண்ணகத்துக்கும் இடையே வானளாவிய ஒரு மதில் எழும்பி விட்டதாகச் சொன்னார். ஒளிமிக்க தாயகத்தை நினைத்து இளைப்பாற முயலும் ஒவ்வொரு முறையும், அந்த இருள் அவரைப் பார்த்து நகைத்தது. இறப்புக்கு அப்பால் இருப்பது இதைவிடக் கரிய இன்மையே என்று சொல்லிற்று. அறிவியல் நாளுக்கு நாள் வளர்ந்து எல்லாவற்றுக்கும் இயற்கையான விளக்கம் கண்டுபிடித்து விடும் என்ற அக்கால நாத்திகரின் வாதங்கள், அவற்றை ஒருபோதும் படித்திராத இந்த இளம் துறவியின் மனத்தில் வந்து குடிகொண்டன.

அவர் என்ன செய்தார்? முதலில், யாரிடமாவது சொல்லிப் பார்த்தார். மடத்தின் ஆன்ம குரு அதைக் கேட்டு அஞ்சி, இத்தகைய எண்ணங்களில் நிலைத்திருப்பது மிக ஆபத்தானது என்று எச்சரித்தார். நோயாளியின் காய்ச்சலைக் கண்டு வைத்தியர் ஓடியது போலாயிற்று. மொந்தாயே துறவு மடத்தின் அதிபராகிய கொட்ஃபிறுவா மடலேன் அடிகளார் வேறு வகையில் பேசினார். விசுவாசப் பிரமாணத்தை எழுதி நெஞ்சருகே வைத்துக் கொள்ளும்படியும், சோதனை வரும்போது அதன்மேல் கையை வைக்கும்படியும் அவர் அறிவுரை கூறினார். தெரேசா அதை மையால் எழுதவில்லை. தம் சொந்த இரத்தத்தால் எழுதினார். எப்போதும் தம் மார்பில் வைத்திருந்த சிறிய நற்செய்தி நூலுடன் அதையும் சேர்த்து வைத்துக் கொண்டார்.

தம்முள் எழும் கேள்விகளோடு நின்று வாதாடி வெல்ல முயல்வதை அவர் விட்டு விட்டார். ஒவ்வொரு முறையும் அவற்றுக்கு முதுகைக் காட்டி, இயேசுவிடம் ஓடி, விண்ணகம் உண்டு என்பதற்குச் சாட்சியாகத் தம் கடைசித் துளி இரத்தத்தையும் சிந்த ஆயத்தமாக இருப்பதாக அறிக்கையிட்டார். தம் முன்னைய வாழ்நாள் முழுவதிலும் சொல்லியதைவிட அதிகமான விசுவாச முயற்சிகளை அந்த ஓராண்டுக்குள் தாம் சொல்லியிருப்பதாக அவரே கணக்கிட்டார். நம்மில் பலருக்கு இதைப் புரிந்து கொள்வது கடினம். விசுவாசம் என்றால் உள்ளத்தில் எழும் ஒருவித வெதுவெதுப்பு என்று நாம் எண்ணிப் பழகி விட்டோம். அந்த வெதுவெதுப்பு நின்று போனவுடன், மரணமோ இழப்போ வந்து செபம் உதட்டோடு நின்று விடும்போது, தம்மிடம் விசுவாசம் இல்லை என்று முடிவு கட்டிக் கொண்டு கோவிலின் கடைசி வாங்குக்கும் பின்னர் வாசலுக்கும் ஒதுங்கிப் போனவர்கள் எத்தனை பேர்! தெரேசாவுக்கு அந்த உணர்வு துளியும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது நம்ப வேண்டும் என்ற விருப்பம் மட்டுமே. அதைப் போதுமென்று கொண்டு அவர் நடந்தார்.

இன்னொன்றையும் அவர் செய்தார். என் எண்ணத்தில் இதுவே எல்லாவற்றிலும் பெரியது. விசுவாசமற்றோரைத் தம் சகோதரர்களாகக் கண்டார். பாவிகளும் நம்பாதோரும் அமர்ந்திருக்கும் பந்தியில் தாமும் அமர்த்தப்பட்டிருப்பதாக அவர் உணர்ந்தார். எழுந்து போக விடும்படி அவர் மன்றாடவில்லை. அவர்கள் எல்லோரும் ஒளியைக் காணும் வரை, ஆண்டவர் விரும்பினால், அந்தப் பந்தியிலேயே துயரத்தின் உணவை உண்டு கொண்டிருக்கச் சம்மதித்தார். பதினான்கு வயதில் கொலைகாரன் ஒருவனுக்காக வெளியே நின்று செபித்தவர், இருபத்து மூன்று வயதில் தொலைவில் நிற்போரின் அருகிலேயே போய் அமர்ந்து கொண்டார்.

மடத்தில் ஏறத்தாழ ஒருவரும் இதை அறிந்திருக்கவில்லை. அவர் சகோதரிகளின் விழாக்களுக்குக் கவிதைகள் எழுதினார். அவற்றில் விண்ணகத்தின் இன்பம் பொங்கி வழிந்தது. வாசித்தவர்கள் அவர் ஆறுதலில் மிதப்பதாக எண்ணினர். தாம் நம்ப விரும்புவதையே பாடுவதாக அவர் பின்னர் விளக்கினார். சகோதரி ஒருவரிடம் தம் உண்மை நிலையை வெளிப்படையாகச் சொன்னபோது, அவர் தம் காதுகளையே நம்ப முடியாமல் திகைத்துப் போனார். மறைப்பணிக்குச் சென்ற இரு இளைஞர்களுக்கு ஆன்மிகச் சகோதரியாக அவர் நியமிக்கப்பட்டிருந்தார். ஒருவர் சீனாவின் சூச்சுவான் பகுதிக்குச் சென்ற ருலான் அடிகளார். மற்றவர் பெலியேர் என்னும் குருமாணவர். தாம் வேலை செய்யும் அறையில் சூச்சுவானின் வரைபடத்தை மாட்டி வைத்துக் கொண்டு, அவர்களுக்குத் துணிவூட்டும் மடல்களை எழுதினார். இந்தோ-சீனத்தில் இருந்த கார்மேல் மடத்துக்குத் தாமே செல்லும் ஆசையும் இருந்தது. அனாய் நகரில் 1861ஆம் ஆண்டு மறைசாட்சியாக இறந்த தியோபன் வெனார் அடிகளாரை நோக்கி அதற்காக நவநாள் செய்தனர். நவநாள் முடியும் முன் இருமல் திரும்பி வந்தது. அந்த மன்றாட்டுக்கும் இல்லை என்பதே பதில்.

இதே காலத்தில் நடந்த மற்றொரு நிகழ்ச்சியைப் பக்தி நூல்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. லெயோ தக்சில் என்ற எழுத்தாளன் தான் மனந்திரும்பி விட்டதாக நடித்து, டயானா வோன் என்ற பெண் ஒருத்தி சாத்தான் வழிபாட்டிலிருந்து மீண்டு கத்தோலிக்கராகியதாகக் கதை கட்டினான். பிரான்சின் கத்தோலிக்கர் பலர் அதை நம்பினர். லிசியே மடமும் நம்பியது. தெரேசா அந்தப் பெண்ணுக்கு மடல் எழுதி, மடத்து நாடகத்தில் தாம் ஜோன் ஒவ் ஆர்க் வேடம் அணிந்தபோது செலின் எடுத்த நிழற்படத்தையும் அனுப்பினார். பதில் மடலும் வந்தது. 1897ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், பாரிஸ் நகர மண்டபம் ஒன்றில் கூட்டத்தின் முன் தோன்றிய தக்சில், அப்படி ஒரு பெண்ணே இல்லை, எல்லாம் தன் ஏமாற்று என்று சிரித்தான். அப்போது மேடையில் ஒளிப்படமாகக் காட்டப்பட்டது தெரேசாவின் அந்தப் படம். விசுவாசமற்றோருக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தவர், விசுவாசத்தை ஏளனம் செய்த ஒருவனின் கைப்பொருளானார். செய்தி மடத்துக்கு எட்டியபோது, டயானாவின் பெயரில் வந்த மடலை அவர் கிழித்துத் தோட்டத்து எருக்குவியலில் எறிந்தார். அதைப் பற்றி அதன்பின் அவர் பேசவில்லை.

அவ்வாண்டு யூன் மாதத்தில் மடத் தலைவியாகிய மரி கொன்சாக் அன்னையின் கட்டளைப்படி அவர் தம் வரலாற்றின் இறுதிப் பகுதியை எழுதத் தொடங்கினார். தந்தை நோயுற்றிருந்தபோது பயன்படுத்திய சக்கர நாற்காலியைத் தோட்டத்து மரநிழலில் போட்டு, மடியில் எழுதுபலகையை வைத்துக் கொண்டு எழுதினார். வைக்கோல் அள்ள வந்த சகோதரிகள் நின்று பேசி விட்டுப் போவார்கள். சிரித்துப் பதில் சொல்லி விட்டு மீண்டும் எழுதுவார். அந்தப் பக்கங்களில்தான் தம் இருளைப் பற்றி முதன்முறையாக விரிவாகச் சொன்னார். சிறிது எழுதியவுடன் நிறுத்தினார். அளவுக்கு மீறிச் சொல்லி விட்டோமோ, தேவதூஷணம் செய்து விடுவோமோ என்ற அச்சம். கை தளர்ந்து பேனாவைப் பிடிக்க முடியாமல் போனபோது இறுதிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். அவர் இறந்து ஓராண்டின் பின் வெளிவந்த நூல் ஆக்னெஸ் அன்னையால் பல இடங்களில் திருத்தப்பட்டது. அவர் எழுதியவாறே கையெழுத்துப் பிரதிகள் வெளிவருவதற்கு 1956ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவரது நிழற்படங்களைக்கூட செலின் மெருகூட்டியே வெளியிட்டார். அக்காமாரின் பாசம் அது. ஆயினும் மெருகூட்டப்படாத முகத்தில்தான் நமக்கு அதிக ஆறுதல் இருக்கின்றது.

யூலை 8ஆம் திகதி அவரை மடத்தின் நோயாளர் அறைக்குக் கொண்டு சென்றனர். சிறு வயதில் அவரைப் பார்த்துப் புன்னகைத்த அன்னையின் சுரூபமும் அங்கே வைக்கப்பட்டது. இப்போது அது புன்னகைக்கவில்லை. அன்னை மரியாளைப் பற்றி அந்நாட்களில் அவர் சொன்னவை குறிப்பிடத்தக்கவை. மரியாளின் வாழ்வில் வியத்தகு காட்சிகளை அடுக்கிக் காட்டும் மறையுரைகள் அவருக்குப் பிடிக்கவில்லை. நாசரேத்தில் அன்னையும் நம்மைப் போல விசுவாசத்தால் மட்டுமே, விளங்காதவற்றின் நடுவே வாழ்ந்தார் என்பதையே குருக்கள் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார்.

நோய் நுரையீரலிலிருந்து குடல் வரை பரவியது. மூச்சு விடுவதே வேதனை. வலியைத் தணிக்கும் மோர்பீன் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. ஓகஸ்ட் மாதம் 19ஆம் திகதி அவர் கடைசி முறையாக நற்கருணை உட்கொண்டார். கார்மேல் சபையிலிருந்து விலகி, திருச்சபையையும் விட்டுச் சென்று, பலராலும் பழிக்கப்பட்ட இயசிந்த் லுவாசோன் என்ற குருவுக்காக அந்த நற்கருணையை ஒப்புக்கொடுத்தார். அதன் பின்னர் இடையறாத வாந்தியின் காரணமாக அவரால் நற்கருணை வாங்க இயலவில்லை. நாற்பத்திரண்டு நாட்கள், இறக்கும் வரை, ஆண்டவரின் திருவுடலும் அவருக்கு இல்லை. தம் அக்காவிடம் அவர் ஒன்றை மறைக்காமல் சொன்னார். விசுவாசம் மட்டும் இல்லாதிருந்தால் ஒரு கணமும் தயங்காமல் தம் உயிரை மாய்த்துக் கொண்டிருப்பார். ஆகவே இத்தகைய வேதனையில் இருக்கும் நோயாளியின் கைக்கெட்டும் இடத்தில் நஞ்சுள்ள மருந்துகளை வைக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும் என்றார். நோயாளர்களைப் பராமரிக்கும் குடும்பங்களுக்கு இது ஒரு புனிதர் தந்த மிக நேரிய அறிவுரை. விரக்தியின் விளிம்பு வரை சென்றோரைக் குறித்து அவர் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை.

இத்தனைக்கும் நடுவில் நகைச்சுவை அவரை விட்டுப் போகவில்லை. அழும் சகோதரிகளை அவர் சிரிக்க வைத்தார். வைத்தியரைப் போலப் பேசிக் காட்டினார்.

செப்டெம்பர் 30ஆம் திகதி, வியாழக்கிழமை. காலை முதல் மூச்சுத் திணறல். ஆறுதல் ஏதும் இல்லை, வெறும் வேதனை மட்டுமே என்பதைப் பிற்பகலில் அவர் சுற்றி நின்றோரிடம் ஒப்புக் கொண்டார். அன்பிடம் தம்மை ஒப்புக்கொடுத்ததற்காக வருந்தவில்லை என்றும் சொன்னார். மாலையில் திரிகால மணி ஒலித்தபோது அன்னையின் சுரூபத்தை நீண்ட நேரம் நோக்கினார். ஏழு மணி கடந்தது. கையில் இருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்து, இறைவனை நேசிப்பதாகச் சொன்னதே அவரது இறுதிச் சொற்கள். தலை சாய்ந்தது. முடிந்து விட்டது என்று எண்ணிய வேளையில் அவர் தலையை உயர்த்திக் கண்களைத் திறந்தார். அந்தப் பார்வை அன்னையின் சுரூபத்துக்குச் சற்று மேலே நிலைத்து நின்றது. முகத்தில் வேதனையின் சாயலே இல்லை. அருகில் நின்ற சகோதரிகள் பின்னர் அந்த நேரத்தை அளந்து சொன்னார்கள். ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கும் நேரம் அது நீடித்தது. பின்னர் கண்களை மூடினார். அவருக்கு இருபத்து நான்கு வயது.

ஒக்டோபர் 4ஆம் திகதி லிசியே நகரச் சேமக்காலையில் அவரை அடக்கம் செய்தனர். மடத்தின் அடைப்பு விதியால் மூன்று அக்காமாராலும் வர முடியவில்லை. மடங்களில் சேர்ந்து சேர்ந்து திரும்பி வந்த லெயோனி குடும்பத்தின் சார்பில் பெட்டியின் பின்னால் நடந்தார். பின்தொடர்ந்தோர் மிகச் சிலர்.